பதற்றத்துக்கு இஎம்டிஆர் சிகிச்சை: முதல் தடவை போகிறவர்களுக்கு

விரலைப் பார்த்துக் கண்ணை இடமும் வலமும் ஓட்டினால் பயம் போய்விடுமா? நான் இஎம்டிஆர் (EMDR: பயந்த நினைவை மனதில் வைத்துக்கொண்டே, தெரபிஸ்ட் ஆட்டும் விரலைக் கண்ணால் பின்தொடர்கிற மனநலச் சிகிச்சை) எடுத்தேன் என்று சொன்னதும் ஏறக்குறைய எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். விரல் அசைகிற நேரம் இந்தச் சிகிச்சையில் ஒரு பகுதி. அதற்கு முன்னால் நடக்கிற தயாரிப்பு சரியாக இருந்தால்தான் அந்த விரலால் பயன் உண்டு. அந்தத் தயாரிப்பைத் தாண்டிக் குதித்துவிட்டு "செய்து பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது" என்று வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அதனால் இங்கே அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் என் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், கீழே பல இடங்களில் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்ளப் போகிறேன். எனக்குப் போன் மணி என்றால் பயம். அதிலும் இரவில் அடித்தால் வயிறு இறுகிக்கொள்ளும், கை ஜில்லிட்டுப்போகும், எடுத்து "ஹலோ" சொல்வதற்குள் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று மனசு முடிவே கட்டிவிடும். 19 வயதில் ஒரு இரவு, வீட்டில் தனியாக இருந்தபோது, அப்பாவுக்கு விபத்து என்று போன் வந்தது. அப்பா பிழைத்துவிட்டார். அந்த மணிச்சத்தம் மட்டும் என்னோடு பல வருடம் தங்கிவிட்டது.

இது என்ன சிகிச்சை, எதற்கு உதவும்

1987-ல் அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷாபிரோ ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, தன்னைத் தொந்தரவு செய்த எண்ணங்கள் கண்கள் வேகமாக அங்குமிங்கும் அசைந்த நேரத்தில் வலு இழந்ததைக் கவனித்தார். அதைப் பலரிடம் சோதித்துப் பார்த்து, 1989-ல் முதல் ஆய்வை வெளியிட்டார். பிறகுதான் இது எட்டுக் கட்டங்கள் கொண்ட முழுச் சிகிச்சையாக வளர்ந்தது. இதன் அடிப்படை எண்ணம் எளிது: மிகவும் பயந்த ஒரு அனுபவம் சில நேரம் மூளையில் சரியாகச் செரிக்காமல், அன்றைய படம், சத்தம், உடல் நடுக்கம் எல்லாம் அப்படியே பச்சையாகத் தங்கிவிடுகிறது. பின்னாளில் அதைப்போல ஏதாவது எதிர்ப்பட்டால் உடம்பு அன்று நடந்ததையே இன்றும் நடப்பதாக எடுத்துக்கொள்கிறது.

கண் அசைவு ஏன் உதவுகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் பல வருடமாக விவாதம் உண்டு. அதிகம் சோதிக்கப்பட்ட விளக்கம் இது: ஒரே நேரத்தில் மூளையால் பிடித்துவைக்க முடிந்தது கொஞ்சம்தான், நினைவை மனதில் வைத்துக்கொண்டே கண்ணாலும் ஒன்றைத் துரத்தும்போது இரண்டுக்கும் இடம் போதாமல் அந்தப் படம் மங்குகிறது, அதோடு ஒட்டிய உணர்ச்சியும் தணிகிறது. வெயிலில் காய்ந்த துணியின் சாயம்போல என்று எனக்குச் சொல்லத் தோன்றும். துணி அதேதான், கண்ணைக் கூசவைக்கிற நிறம் மட்டும் போய்விடும்.

ஒரு விஷயத்தை நேராகச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2013-ல் இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்கு. திடீர்ப் பீதி, குறிப்பிட்ட பொருள் மேலான பயம், பொதுவான பதற்றம் இவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள், பலன் காட்டிய ஆய்வுகளும் உண்டு, ஆனால் அங்கே சான்று குறைவு. பதற்ற நோய்களுக்கு அதிகம் ஆராயப்பட்ட பேச்சுச் சிகிச்சை, பயத்தை வளர்க்கிற எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்குகிற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான் (CBT). உங்கள் பதற்றம் ஒரு சம்பவத்துக்குப் பிறகு தொடங்கியிருந்தாலோ, அதன் அடியில் ஏதோ ஒரு நினைவு உட்கார்ந்திருப்பதாகத் தெரிந்தாலோ இஎம்டிஆர் பற்றித் தாராளமாகக் கேட்கலாம். எந்த நினைவோடும் சேராத, எல்லாவற்றையும் பற்றிய கவலை என்றால் வேறு வழியில் தொடங்குவது நல்லதாக இருக்கலாம்.

படி 1: டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள்

படபடப்பு, நடுக்கம், வியர்வை எல்லாம் தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் வரும், ரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், காபி கூடிப்போனாலும் வரும். ஒரு பரிசோதனை முடித்துவிட்டால் மனதுக்கும் நிம்மதி. ஏற்கெனவே பதற்றத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், சிகிச்சை தொடங்கப் போகிறோம் என்று தாங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். சில மாத்திரைகளைத் திடீரென்று விடுவது ஆபத்து.

வலிப்பு, கண் நோய், இதய நோய், கர்ப்பம், அடிக்கடி நினைவு தப்புவது அல்லது "நான் இங்கேயே இல்லை" என்பதுபோல் தன்னை விட்டு விலகிப்போவது, குடி அல்லது போதைப் பழக்கம், இவற்றில் எது இருந்தாலும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னால் சிகிச்சையே கிடைக்காது என்று பயந்து மறைக்கிறவர்கள் உண்டு. பெரும்பாலும் வேகத்தையும் முறையையும் மாற்றுவார்கள், அவ்வளவுதான். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் இப்போது இருந்தால் எந்தச் சிகிச்சைக்கும் காத்திருக்க வேண்டாம், இன்றே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், அவசர உதவிக்குப் போங்கள். வழக்கில் சாட்சி சொல்ல வேண்டியிருப்பவர்கள் வக்கீலிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள், ஏனென்றால் சிகிச்சைக்குப் பிறகு நினைவின் தெளிவு மாறலாம்.

படி 2: ஆளைத் தேர்ந்தெடுப்பது

இதில் அவசரப்பட வேண்டாம். இஎம்டிஆர் செய்கிறவர் முதலில் மனநல மருத்துவராகவோ முறையாகப் படித்த உளவியலாளராகவோ ஆலோசகராகவோ இருக்க வேண்டும், அதற்கு மேல்தான் இந்தப் பயிற்சி. போனிலேயே இதையெல்லாம் கேட்கலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை: உங்கள் அடிப்படைப் படிப்பு என்ன, இஎம்டிஆர் பயிற்சியில் அனுபவசாலி ஒருவர் மேற்பார்வையில் செய்த பகுதி இருந்ததா, என் மாதிரிப் பிரச்சினையோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா, நடுவில் எனக்குத் தாங்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலை நன்றாகக் கவனியுங்கள். நல்ல தெரபிஸ்ட் அதற்கு நிதானமாக, விவரமாகப் பதில் சொல்வார். "அப்படியெல்லாம் ஆகாது, ஒரே தடவையில் சரியாகிவிடும்" என்று சொல்பவரிடம் போகாதீர்கள்.

நான் முதலில் போன இடத்தில், உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அந்த இரவை நினைக்கச் சொல்லி விரலை ஆட்டத் தொடங்கிவிட்டார்கள். அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை, அடுத்து ஒரு வாரம் போனை அணைத்தே வைத்திருந்தேன். மறுபடி ஒருவரைத் தேடிப்போக எனக்கு ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

படி 3: ஒரு வாரக் குறிப்பு

முதல் சந்திப்புக்கு முன் ஒரு வாரம் சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பதற்றம் வந்ததும் நான்கே விஷயம் எழுதினால் போதும்: என்ன நடந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது, மனதில் ஓடிய வாக்கியம் என்ன, 0 முதல் 10 வரை எவ்வளவு. "போன் அடித்தது, வயிறு, என்னால் இதைத் தாங்க முடியாது, 8" என்று என் நோட்டில் ஒரு வரி இருந்தது. பிற்பாடு சிகிச்சை முழுக்க அந்த வாக்கியத்தைச் சுற்றித்தான் நடந்தது. பழைய நினைவுகளைத் தோண்டி விரிவாக எழுத வேண்டாம். அதைத் தெரபிஸ்டோடு உட்கார்ந்து செய்வதுதான் பாதுகாப்பு.

முதல் ஒன்றிரண்டு சந்திப்புகள் உங்கள் வரலாற்றைக் கேட்பதிலேயே போகும். "இதே உணர்வு, இதே வயிற்று இறுக்கம், இதற்கு முன்னால் எப்போது வந்தது? அதற்கும் முன்னால்?" என்று பின்னோக்கி அழைத்துப்போவார்கள். நாம் பிரச்சினை என்று கொண்டுபோவது ஒன்றாகவும், அது வேர்விட்ட இடம் வேறாகவும் இருப்பது சகஜம்.

படி 4: நங்கூரம் போடுவது

என் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஆழத்துக்கு இறங்கும் முன் மேலே வரத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காக நான்கு விஷயங்களைப் பழக்குவார்கள்.

அமைதியான இடம் ஒன்றைக் கற்பனை செய்யச் சொல்வார்கள். நிஜ இடமாகவும் இருக்கலாம், மனதில் கட்டியதாகவும் இருக்கலாம். அங்கே என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது, காற்று எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாக உணர்ந்து, அதற்கு ஒரு சொல் வைத்துக்கொள்வீர்கள். அந்தச் சொல்லை நினைத்தாலே உடம்பு தளரும்வரை பழக வேண்டும். கூட வேறு மனிதர்கள் இல்லாத இடமாகத் தேர்ந்தெடுங்கள், மனிதர்கள் வந்தால் கூடவே அவர்களைப் பற்றிய கவலையும் வந்துவிடும்.

அடுத்தது பெட்டி. சந்திப்பு முடிந்தும் முடியாத விஷயங்களைக் கற்பனையில் ஒரு கெட்டியான பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அடுத்த முறை வந்து திறக்கலாம் என்று மனதோடு ஒப்பந்தம் செய்துகொள்வது. கேட்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டுபோல இருக்கும், எனக்கு மிக உதவியது இதுதான்.

மூன்றாவது, நிறுத்தச் சைகை. கையைத் தூக்கினால் உடனே நிறுத்த வேண்டும் என்று இருவரும் முடிவு செய்வீர்கள். முன்னாலேயே ஒருமுறை தூக்கிப் பாருங்கள், அவர் நிறுத்துகிறாரா என்று உங்கள் உடம்புக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம், ரயில் ஜன்னல். ஓடுகிற ரயிலில் உட்கார்ந்து வெளியே பார்ப்பதுபோல நினைவுகளைப் பார்க்கப் பழகுவது. காட்சி வரும், போகும், நீங்கள் இருக்கையிலேயே இருக்கிறீர்கள். இவை பழக எனக்கு மூன்று சந்திப்பு ஆனது. வாழ்க்கையில் நிறையக் காயம் பட்டவர்களுக்கு மாதக்கணக்கில்கூட ஆகலாம். அதை நேர விரயம் என்று நினைக்காதீர்கள்.

படி 5: ஒரு நினைவை எடுத்து அளப்பது

இப்போது ஒரே ஒரு நினைவு. அதில் மிக மோசமான காட்சி எது என்று கேட்பார்கள். எனக்கு அது போனை எடுக்க நீண்ட என் கை. அந்தக் காட்சியைப் பார்க்கும்போது உங்களைப் பற்றி உங்களுக்குள் எழும் வாக்கியம் எது? "என்னால் தாங்க முடியாது." அதற்குப் பதிலாக எதை நம்ப விரும்புகிறீர்கள்? "என்னால் சமாளிக்க முடியும்." இந்த நல்ல வாக்கியம் இப்போது எவ்வளவு உண்மையாகத் தோன்றுகிறது என்று 1 முதல் 7 வரை சொல்ல வேண்டும், 7 என்றால் முழு உண்மை. நான் 2 என்றேன். பிறகு என்ன உணர்ச்சி, தொந்தரவு 0 முதல் 10-ல் எத்தனை, உடம்பில் எங்கே. நான் சொன்னது பயம், 9, வயிறும் தொண்டையும். சரியான எண் எது என்று மூளையைக் கசக்க வேண்டாம், முதலில் தோன்றுவதைச் சொன்னால் போதும்.

படி 6: கண் அசைவு

காட்சி, அந்தக் கெட்ட வாக்கியம், உடம்பில் அது இருக்கும் இடம், மூன்றையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு விரலைப் பின்தொடரச் சொல்வார்கள். சிலர் விளக்கு நகரும் பட்டையை வைத்திருப்பார்கள், காணொளி வழியாகச் செய்தால் திரையில் புள்ளி ஓடும். கண் வலித்தால் உடனே சொல்லுங்கள். கண்ணுக்குப் பதில் இரண்டு காதிலும் மாறி மாறிச் சத்தம், அல்லது இரண்டு கையிலும் மாறி மாறித் தட்டுவது என்று மாற்றிக்கொள்ளலாம். ஒரு சுற்று அரை நிமிடம் போல இருக்கும். முடிந்ததும் "மூச்சை இழுத்து விடுங்கள், இப்போது என்ன வருகிறது?" என்று கேட்பார். நீங்கள் ஒன்றிரண்டு வார்த்தையில் சொல்வீர்கள். "சரி, அதையே கவனியுங்கள்" என்பார், அடுத்த சுற்று.

இங்கே புதியவர்கள் செய்கிற பெரிய தவறு, நன்றாகச் செய்ய முயல்வது. நினைவை விட்டு மனம் வேறெங்கோ போனால் இழுத்துப்பிடித்து அங்கேயே உட்காரவைக்கிறார்கள். விடுங்கள், போகட்டும். எனக்கு முதலில் மணிச்சத்தம் வந்தது, அப்புறம் அன்று தேடியும் கிடைக்காத செருப்பு வந்தது, பிறகு பள்ளியில் தொலைத்த ஒரு குடை, ஏன் என்றே தெரியவில்லை, பிறகு தொண்டையில் அடைப்பு, அழுகை. ஐந்தாறு சுற்றுக்கு அழுகை மட்டும்தான். அதன்பின் பக்கத்து வீட்டு அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அந்த இரவு என்றாலே தனியாக இருந்தேன் என்பது மட்டும்தான் இத்தனை வருடம் என் நினைவில் நின்றிருந்தது. அன்று சந்திப்பு முடியும்போது 9 என்று சொன்னது 4 ஆகியிருந்தது. இப்படிப் புதிதாக வரும் காட்சிகளை நடந்ததற்கான ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், நினைவு அவ்வளவு நம்பகமானது இல்லை. அது தருகிற ஆறுதலுக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நடப்பதை எல்லாம் விவரமாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது. வாய்விட்டுச் சொல்ல முடியாததைச் சுமப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. "ஒன்று வந்தது, சொல்ல விருப்பமில்லை" என்றாலே போதும்.

சில நேரம் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வந்து அளவு குறையாமல் நிற்கும். அப்போது அவர் திசையை மாற்றுவார், இல்லையென்றால் ஒரு சின்னக் கேள்வி கேட்பார். என்னிடம் கேட்டது, "அந்த 19 வயதுப் பிள்ளை இப்போது உங்கள் முன்னால் நின்றால் என்ன சொல்வீர்கள்?" தலை சுற்றினாலோ, அறை தூரமாகப் போவதுபோல் இருந்தாலோ, உடம்பு மரத்துப்போனாலோ உடனே கையைத் தூக்குங்கள். பாதத்தைத் தரையில் அழுத்தி, கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். இதில் தோல்வி எதுவும் இல்லை, சைகை அதற்காகத்தான்.

படி 7: நல்ல வாக்கியமும் உடம்பும்

தொந்தரவு 0-க்கோ அதன் அருகிலோ வந்தபின், அந்த நல்ல வாக்கியத்தை நினைவோடு சேர்த்து வைத்துச் சில சுற்றுகள் செய்வார்கள், 7 வரும்வரை. பிறகு கண்ணை மூடித் தலையிலிருந்து கால்வரை உடம்பை மெதுவாகப் பார்த்துவரச் சொல்வார்கள். எங்காவது இறுக்கம் மிச்சம் இருந்தால் அதற்கும் ஒரு சுற்று. ஒரே நாளில் இதெல்லாம் முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம், சந்திப்பு ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். முடியாமல் நின்றால் பெட்டி, அமைதியான இடம், அதோடு வீட்டுக்கு.

படி 8: சந்திப்புக்குப் பிறகு வரும் நாட்கள்

அன்று முக்கியமான வேலை எதுவும் வைக்காதீர்கள். உடனே வண்டி ஓட்டாமல் கொஞ்சம் நடந்துவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு மூன்று நாள் விசித்திரமான கனவுகள், திடீர் அழுகை, களைப்பு, சம்பந்தமில்லாத பழைய நினைவுகள் வரலாம். மூளை வேலையைத் தொடர்கிறது என்று எடுத்துக்கொண்டு நோட்டில் ஒரு வரி குறித்துவையுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் "இரண்டு நாள் கொஞ்சம் அமைதியாக இருப்பேன், கேள்வி கேட்க வேண்டாம்" என்று முன்னாலேயே சொல்லிவைத்தால் நல்லது. தூக்கம் முழுக்கக் கெட்டுப்போனாலோ தன்னைக் காயப்படுத்தும் எண்ணம் வந்தாலோ அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அழைத்துச் சொல்லுங்கள். அடுத்த முறை போனதும் முதலில் பழைய நினைவின் அளவை மறுபடி கேட்பார்கள், அங்கிருந்து தொடரும்.

படி 9: இன்றும் நாளையும்

பதற்றம் உள்ளவர்கள் இங்கே நிறுத்திவிடக் கூடாது. பழைய நினைவு அடங்கினாலும் உடம்பு பழக்கத்தில் பயப்படும். அதனால் இப்போது தூண்டுகிற விஷயங்களையும் தனித்தனியே எடுத்துச் செய்வார்கள், எனக்கு இரவு மணி, தெரியாத எண், அம்மாவின் தவறிய அழைப்பு. அதன்பின் வரப்போகிறது என்று பயப்படுகிற மோசமான காட்சி. இன்னும் நடக்காத ஒன்றை மனம் படம் போட்டு மிரட்டுவதுதானே பதற்றம், அந்தப் படத்தையும் ஒரு நினைவைப்போலவே வைத்துச் சுற்றுகள் செய்யலாம். கடைசியாக, அதே சூழ்நிலையில் நான் நிதானமாக நடந்துகொள்வதை ஒரு குறும்படம்போல ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள்: மணி அடிக்கிறது, மூச்சு விடுகிறேன், எடுக்கிறேன். நடுவில் எங்கே சிக்குகிறதோ அங்கே நிறுத்தி ஒரு சுற்று.

வீட்டில் எதுவரை செய்யலாம்

அமைதியான இடம், பெட்டி, மூச்சு, இவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் பழகலாம். பட்டாம்பூச்சி அணைப்பு என்று ஒன்று உண்டு, 1990-களின் பிற்பகுதியில் மெக்சிகோவில் பாலின் புயலில் தப்பிப் பிழைத்தவர்களோடு வேலை செய்தபோது லூசினா ஆர்டிகாஸ் உருவாக்கியது. கைகளை மார்பில் குறுக்காக வைத்து, தோளுக்குக் கீழே இடது வலது என்று மாறி மாறி மெதுவாகத் தட்டிக்கொண்டே மூச்சைக் கவனிப்பது. அமைதியான இடத்தை நினைத்தபடி சில தட்டுகள், நிறுத்தம், மறுபடி சில தட்டுகள். அன்றாடப் படபடப்புக்கு நன்றாக இருக்கும். கடுமையான நினைவு ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு தனியாகப் புள்ளி ஓடும் காணொளி பார்க்க மட்டும் வேண்டாம். கதவைத் திறப்பது சுலபம், திறந்தது மூடாமல் போனால் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

எத்தனை தடவை போக வேண்டும்

ஒரே சம்பவம் என்றால் தயாரிப்பு போக மூன்று முதல் ஆறு சந்திப்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். சிறு வயதிலிருந்து அடுக்கடுக்காக நடந்தவை என்றால் 12-க்கு மேலும் போகும். எனக்குத் தயாரிப்போடு சேர்த்து ஒன்பது. நினைவு வேலை தொடங்கி மூன்று நான்கு சந்திப்பு ஆகியும் அளவு இறங்கவே இல்லை என்றால் வாய்விட்டுக் கேளுங்கள்: தேர்ந்தெடுத்த நினைவு சரிதானா, அதற்கும் அடியில் வேறொன்று இருக்கிறதா, இல்லை எனக்கு வேறு சிகிச்சைதான் பொருந்துமா? நல்ல தெரபிஸ்ட் இந்தக் கேள்வியில் கோபப்பட மாட்டார், உங்களோடு உட்கார்ந்து நோட்டைப் புரட்டிப் பார்ப்பார். அதனால் அந்த நோட்டை ஒவ்வொரு முறையும் கையோடு எடுத்துப்போங்கள்.